ஒற்றை மாணவியின் ரயில் நிலையம்: கருணைக் கதை மறைக்கும் கணக்கு

ஜப்பானின் ஹொக்கைடோத் தீவில் ஒரே ஒரு பள்ளி மாணவிக்காக ஒரு ரயில் நிலையத்தை மூடாமல் வைத்திருந்தார்களாம்; அவள் படிப்பை முடித்த பிறகே மூடினார்களாம். 2016 ஜனவரியில் சீன அரசுத் தொலைக்காட்சியின் சமூக ஊடகப் பக்கத்திலிருந்து உலகெங்கும் பரவிய இந்தக் கதை இன்றும் ஓயவில்லை. தேநீர்க்கடைப் பேச்சில் வந்தால் கடந்துபோகலாம். மக்கள்நல அரசுக்கு எடுத்துக்காட்டாக வகுப்பறையிலும் கருத்தரங்கிலும் இது முன்வைக்கப்படும்போது மறுத்தே ஆகவேண்டும்.

முதலில் தரவுகள். பரவிய செய்தி சுட்டிய நிலையம் காமி-ஷிராத்தாகி. மாணவி உண்மையில் ரயிலேறியது அதே செகிஹொக்கு தடத்தில் இருந்த கியூ-ஷிராத்தாகியில். இரண்டுமே பணியாளர் இல்லாத சிறு நிலையங்கள். இவ்விரண்டும், அடுத்திருந்த ஷிமோ-ஷிராத்தாகியும் 2016 மார்ச் 26 அன்று ஒருசேர மூடப்பட்டன. அன்று ஹொக்கைடோவில் பயணிகளுக்கு மூடப்பட்ட நிலையங்கள் மொத்தம் 8. எட்டு ஊர்களிலும் எட்டு மாணவர்கள் ஒரே நாளில் பள்ளியை முடித்தார்களா? ஜப்பானில் ரயில் கால அட்டவணை மார்ச் மாதத்தில் திருத்தப்படுவது வழக்கம். பள்ளி ஆண்டு முடிவதும் மார்ச்சில்தான். நாள்காட்டியின் பொருத்தத்தை நாம் கருணை என்று வாசித்துக்கொண்டோம்.

அதே மார்ச் 26 அன்று திறக்கப்பட்டது எது என்பதை இக்கதையைப் பகிர்வோர் சொல்வதில்லை. ஷின்-அவோமோரிக்கும் ஷின்-ஹக்கொடாத்தே-ஹொக்குட்டோவுக்கும் இடையிலான ஹொக்கைடோ ஷின்கான்சென் அன்றுதான் ஓடத் தொடங்கியது. ஒரே அட்டவணைத் திருத்தம் அதிவேக ரயிலைக் கொண்டுவந்தது. சிற்றூர்களின் நிறுத்தங்களை எடுத்துக்கொண்டது. அதன்பின் கமிகாவாவுக்கும் ஷிராத்தாகிக்கும் இடையே 37.3 கிலோமீட்டருக்கு நிலையமே இல்லை. ஷின்கான்சென் நீங்கலான ஜேஆர் தடங்களில் மிக நீண்ட இடைவெளி இதுதான்.

இதன் வேர் 1987இல் இருக்கிறது. அவ்வாண்டு ஏப்ரல் 1 அன்று ஜப்பானியத் தேசிய ரயில்வே ஆறு பயணிகள் நிறுவனங்களாகவும் ஒரு சரக்கு நிறுவனமாகவும் உடைக்கப்பட்டது. பொதுப்பணத்தில் 1964இல் எழுந்த டோக்காய்டோ ஷின்கான்செனின் வருவாய் இன்று ஜேஆர் மத்திய நிறுவனத்துக்குச் சேர்கிறது. பனியும் தொலைவும் மிகுந்த ஹொக்கைடோவுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 68,000 கோடி யென் நிதியம். அதன் வட்டியைக் கொண்டு நட்டத்தை ஈடுகட்ட வேண்டும். ஏழு விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வட்டியை எதிர்பார்த்து வகுத்த ஏற்பாடு அது. வட்டி வீதம் சரிந்ததும் ஏற்பாடும் சரிந்தது. 2016 நவம்பரில் ஜேஆர் ஹொக்கைடோ, தன் வலைப்பின்னலில் ஏறக்குறைய பாதியைத் தன்னால் தனித்துப் பராமரிக்க இயலாது என்று அறிவித்தது. 2021 மார்ச்சில் மேலும் 18 நிலையங்கள் மூடப்பட்டன. கண்ணீர் வரவழைத்த படத்துக்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்கு.

"பயணிகளே இல்லாத இடத்தில் நிலையம் எதற்கு?" என்பார்கள். இலாபம் தரும் தடத்தை ஒரு நிறுவனத்துக்கும் நட்டம் தரும் தடத்தை இன்னொன்றுக்கும் பிரித்துக்கொடுத்த பிறகு கேட்கப்படும் கேள்வி இது. முன்பு ஒரே கணக்கேட்டில் ஒன்றை ஒன்று தாங்கியவற்றைக் கொள்கை முடிவு பிரித்தது. சிற்றூரின் நட்டத்தை இயற்கைப் பேரிடர்போல் பேசுவது அந்த முடிவை மறைக்கும் உத்தி.

"கதை மிகையானாலும் நல்லெண்ணம் வளர்க்கிறதே?" என்ற வாதம் இதைவிட ஆபத்தானது. பள்ளி நேரத்தைக் கருதி அட்டவணை வகுப்பது பொதுப்போக்குவரத்தின் கடமை. கடமையைக் கருணையாக்கியதும் உரிமையுடையவள் நன்றி செலுத்த வேண்டியவளாகிறாள். கருணைக்கு முடிவு நாள் உண்டு. அவள் சான்றிதழ் வாங்கியதும் கதை நிறைவு பெறுகிறது. மருத்துவமனைக்குப் போகவேண்டிய முதியவருக்கு அக்கதையில் இடமில்லை.

பணியாளர் இல்லாத நிலையத்தை அமைதியின் அழகாகப் படமெடுத்து மகிழ்வோரும் இதைக் கேட்க வேண்டும். 2020 மார்ச் நிலவரப்படி ஜப்பானின் ரயில் நிலையங்களில் சுமார் 48 விழுக்காடு பணியாளர் இல்லாதவை. அவ்வாண்டே ஒயித்தா நகரில் மாற்றுத்திறனாளிகள் ஜேஆர் கியூஷு மீது வழக்குத் தொடுத்தனர். நிலையத்தில் ஊழியர் இல்லையெனில் சக்கர நாற்காலியில் வருபவர் நினைத்த நேரத்தில் ரயிலேற இயலாது என்பதே அவர்கள் முறையீட்டின் சாரம். நமக்கு அழகாகத் தெரியும் வெறுமை அவர்களுக்கு மூடிய கதவு.

இந்தியாவில் இக்கதை இத்தனை விரும்பப்படுவதற்கும் காரணம் உண்டு. பெருந்தொற்றுக் காலத்தில் இங்கே சாதாரணப் பயணிகள் ரயில்களின் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாயானது. 2024 வரை அது நீடித்தது. கல்லூரிக்கும் கூலி வேலைக்கும் அன்றாடம் போய்வந்தவர்கள் அதைச் சுமந்தார்கள். அப்போது வாய் திறக்காதவர்களுக்கு ஹொக்கைடோ மாணவிக்காக உருகுவது எளிது. தொலைவில் உள்ள கருணையைப் போற்றினால் அருகில் உள்ள உரிமையைக் கேட்க வேண்டியதில்லை.

ஆய்வாளர்களுக்கும் மாணவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: அடுத்தமுறை இந்தப் படத்தைத் திரையில் காட்டுவதானால், 1987ஆம் ஆண்டையும் 37.3 கிலோமீட்டரையும் அதனருகில் எழுதுங்கள். அந்தத் தொலைவை இனி யார், எதில், என்ன செலவில் கடப்பார்கள் என்ற கேள்வியிலிருந்து வகுப்பைத் தொடங்குங்கள்.