உயிர் பிழைத்தவரின் வீட்டுக்கு யார் போவது?

தற்கொலைக்கு முயன்று காப்பாற்றப்பட்ட ஒருவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில் ஊர் எப்படி இருக்கும் என்பதைச் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். இன்றைய பெரம்பலூர் மாவட்டத்தில் உள்ள ஒரு கிராமம் அது. காய்ச்சலில் படுத்து எழுந்தவரைக்கூடத் தேடிச்சென்று நலம் விசாரிக்கும் ஊர், அன்று அந்த வீட்டு வாசலைக் கடக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டது. உடல் தேறிவிட்டது என்று மருத்துவமனை அவரை அனுப்பிவைத்திருந்தது. அவரை அந்த முடிவுக்குத் தள்ளிய துயரங்களில் ஒன்றுகூடத் தீர்ந்திருக்கவில்லை. அதன் பிறகு அரசின் சார்பில் யாரும் அந்தப் படியேறி வந்ததாக எனக்கு நினைவில்லை.

அந்த மௌனத்தின் விலை பெரிது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் நாட்டில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தனர். அவர்களில் 19,834 பேர் தமிழகத்தைச் சேர்ந்தவர்கள். லட்சம் பேருக்கு 12.4 என்பது தேசிய விகிதம். தமிழகத்திலோ அது 25.9. மருத்துவக் கட்டமைப்பில் முன்னோடி என்று பெருமைகொள்ளும் ஒரு மாநிலம், தேசிய அளவைவிட இருமடங்கு விகிதத்தில் உயிர்களை இழந்துகொண்டிருக்கிறது.

ஏற்கெனவே ஒருமுறை முயன்றவரே மீண்டும் அதிக ஆபத்தில் இருப்பவர் என்பது மருத்துவ உலகம் அறிந்த உண்மை. ஆகவே, எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்விக்கு விடை நம் கையிலேயே இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நாடுகளின் ஐந்து இடங்களில் 1,867 பேரிடம் ஓர் ஆய்வை நடத்தியது. தற்கொலைக்கு முயன்று சிகிச்சை பெற்றவர்களில் ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் தரப்பட்டது. மற்றொரு பிரிவினருடன், வீடு திரும்பும் வேளையில் ஒரு மணி நேரம் பேசினார்கள். பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ தொடர்புகொண்டார்கள். முதல் ஐந்து தொடர்புகள் 11 வாரங்களுக்குள் முடிந்துவிடும். பிறகு இடைவெளி கூடும். 2008இல் வெளியான முடிவின்படி, வழக்கமான சிகிச்சை பெற்றோரில் 2.2 சதவீதத்தினர் பின்னர் தற்கொலையால் இறந்தனர்; தொடர்பில் இருந்தவர்களில் 0.2 சதவீதத்தினர் மட்டுமே. இதற்கு விலையுயர்ந்த மருந்தோ கருவியோ தேவைப்படவில்லை. பயிற்சி பெற்ற ஒருவர், சொன்ன நாளில் வந்து விசாரித்தார், அவ்வளவுதான்.

பெரம்பலூர், அரியலூர் போன்ற மாவட்டங்களில் அந்த ஒருவர் யாராக இருக்க முடியும்? பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் முந்திரியும் விளையும் பூமி இது. மழை பொய்த்தாலும் விலை சரிந்தாலும் கடன் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். 2022 ஜனவரியில் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது நல்ல திருப்பம்தான். ஆனால், ஒருநாள் கூலியை இழந்து, பேருந்து மாறி, மனநலப் பிரிவின் முன் வரிசையில் நிற்க, மனமுடைந்த ஒருவர் தாமாக வருவார் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. அவரைத் தேடிச்செல்லக்கூடியவர் கிராம சுகாதாரச் செவிலியர். 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீடு வீடாகச் செல்லும் பெண் தன்னார்வலர் இன்னொருவர். ஒரு பெண் கருவுற்றது பதிவானதும் மகப்பேறு வரை பின்தொடரத் தெரிந்த அமைப்பு நம்முடையது. அதே அக்கறைதான் இங்கும் தேவை.

அவர்களுக்குத் தரவேண்டிய பயிற்சி கடினமானதன்று. ஆனால், பழக்கத்துக்கு எதிரானது. ‘பிள்ளைகளை நினைத்துப் பார்த்தாயா?’ என்று கடிந்துகொள்வதை நிறுத்தவேண்டும். ‘சாக வேண்டும் என்ற எண்ணம் இப்போதும் வருகிறதா?’ என்று நேரடியாகக் கேட்கப் பழகவேண்டும். அப்படிக் கேட்பது அந்த எண்ணத்தைத் தூண்டிவிடாது என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அறிவுரை சொல்லாமல் கேட்பது, குடிநோயையும் மனச்சோர்வையும் அடையாளம் காண்பது, எந்த நிலையில் உடனே மருத்துவரிடம் அனுப்புவது என அறிவது, வீட்டிலுள்ள பூச்சிக்கொல்லியை எட்டாத இடத்தில் பூட்டிவைக்கச் சொல்வது ஆகியவையும் பயிற்சியில் அடங்கும். அரியலூரை அடுத்துள்ள காட்டுமன்னார்கோவில் பகுதியில், பூச்சிக்கொல்லிகளை ஊர்ப் பொதுவிடத்தில் பூட்டிவைக்கும் முறையைச் சென்னையின் ‘சிநேகா’ அமைப்பினர் சோதித்துப் பார்த்தனர். அது பலன் தரக்கூடியது என்று 2013இல் வெளியான அவர்களது ஆய்வு கூறியது.

செவிலியர் எடுத்துச்சொல்ல வேண்டிய இன்னொரு செய்தி சட்டம் பற்றியது. வழக்கு வரும் என்ற அச்சத்தில் முயற்சியையே விபத்து என்று மறைக்கும் குடும்பங்கள் உண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அத்தகையவரைக் கடும் மன அழுத்தத்தில் இருப்பவராகவே கருதச் சொல்கிறது. தற்கொலை முயற்சியைப் பொதுவான குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இடம்பெறவில்லை. இது வாசற்படி வரை போய்ச் சேராதவரை, மாறிய சட்டத்தால் யாருக்கும் பயனில்லை.

தடுப்பூசி முதல் கணக்கெடுப்பு வரை சுமக்கும் செவிலியர் தலையில் இன்னொரு சுமையா என்ற கேள்வி நியாயமானது. ஒருநாள் பயிற்சி வகுப்பும் ஒரு கையேடும் கொடுத்துப் பொறுப்பைக் கைகழுவினால் அது அநீதிதான். அழைத்தால் பதில் சொல்ல மாவட்ட மனநலக் குழுவில் ஒருவர் இருக்கவேண்டும். செல்லும் நேரம் பணி நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும். கேட்டதை ஊருக்குள் கசியவிடாத ரகசியக் காப்பு வேண்டும். பிறர் துயரைக் கேட்டுக் கனத்துப்போகும் அவரது மனத்துக்கும் ஆறுதல் வேண்டும்.

தற்கொலை இறப்புகளை 2030க்குள் 10 சதவீதம் குறைப்பது 2022இல் வெளியான தேசியத் தடுப்பு உத்தியின் இலக்கு. அதற்கு இவ்விரு மாவட்டங்களிலும் எளிய விதி ஒன்று தொடங்கட்டும்: முயற்சிக்குப் பின் வீடு திரும்பும் ஒவ்வொருவருக்கும், அவர் சம்மதத்துடன், முதல் வாரத்துக்குள் ஒரு சந்திப்பு. ஊர் குரலைத் தாழ்த்திக்கொள்ளும் அந்த வாசலில், பெயர் சொல்லி அழைக்கும் ஒரு குரலாவது கேட்கட்டும்.

(தற்கொலை எண்ணத்தால் தவிப்பவர்கள், அவர்களுக்காகக் கவலைப்படுபவர்கள் உதவிக்கு அழைக்கலாம்: ‘டெலி மானஸ்’ 14416, தமிழக சுகாதார உதவி எண் 104, சிநேகா 044-24640050.)