லைபோசக்ஷனை ஒளித்துச் செய்யலாம், ஒளித்து ஆற முடியாது

போன மாதம் ஒரு தங்கச்சி எனக்கு மெசேஜ் போட்டிருந்தாள். வயது 24. லைபோசக்ஷனுக்கு நாள் குறித்தாயிற்றாம். வெள்ளிக்கிழமை ஒப்பரேஷன், திங்கட்கிழமை வீட்டிலிருந்தே வேலை, இரண்டு கிழமை கழித்து மச்சாளின் கல்யாணம். "வீட்டில ஒருத்தருக்கும் தெரியாது அக்கா. சமாளிச்சிடலாம்தானே?"

அவளுக்கு எழுதிய பதிலைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே போடுகிறேன். ஏனென்றால் 32 வயதில் நானும் இதே திட்டத்தைத்தான் போட்டேன்.

செய்யலாமா கூடாதா என்று நான் சொல்லப் போவதில்லை. எங்கள் ஆட்களின் கல்யாண வீட்டில் "என்ன, நல்லா உடம்பு வைச்சிட்டாய்" என்பதுதான் முதல் வணக்கம். அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்குப் புத்தி சொல்ல எனக்கு வாய் வராது. என் கருத்து ஒன்றுதான்: ஒப்பரேஷனை ஒளிக்கலாம். அதற்குப் பிறகு வரும் நாட்களை ஒளித்தால் அது ஆபத்து.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று விளங்க வேண்டும். உப்பு நீரில் லிடோகெயின் என்ற மரப்பு மருந்தையும் அட்ரினலினையும் கலந்து தோலுக்குக் கீழே நிறைய ஏற்றுவார்கள். 1980களில் கலிபோர்னியாவின் ஜெஃப்ரி கிளைன் என்ற தோல் வைத்தியர் உருவாக்கிய முறை இது. பிறகு மெல்லிய குழாயை விட்டுக் கொழுப்பை உறிஞ்சுவார்கள். வெளியே தெரிவது சில மில்லிமீற்றர் வெட்டுகள்தான். உள்ளே வயிறு, இடுப்பு முழுவதும் ஒரே காயம். வெட்டின் அளவைப் பார்த்து ஓய்வு நாளைக் கணக்குப் போட்டதுதான் நான் விட்ட முதல் பிழை.

அன்றிரவு, ஏற்றிய தண்ணீர் இளஞ்சிவப்பாக வெட்டுகள் வழியே ஒழுகியது. இது வழமைதான், ஒன்றிரண்டு நாளில் நின்றுவிடும். ஆனால் நான் ஒரே ஒரு துவாய்தான் எடுத்து வைத்திருந்தேன். மெத்தை போய்விட்டது. இரண்டாம் நாள் தராசில் ஏறினேன். நிறை மூன்று கிலோ கூடியிருந்தது! உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது என்று தெரியாமல் குளியலறையில் நின்று அழுதேன். இவ்வளவு காசையும் கொட்டி ஏமாந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

முதல் இரவு என்னோடு நின்ற சிநேகிதி வேலைக்குப் போய்விட்டாள். மூன்றாம் நாள் குளிப்பதற்காகக் கொம்ப்ரெஷன் சட்டையைக் கழற்றினேன். இறுக்கம் விட்டதும் இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலை சுற்றும், முதல் தடவை இருந்துகொண்டுதான் கழற்ற வேண்டும், பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்று கிளினிக் தந்த தாளில் எழுதியிருந்தது. பக்கத்தில் ஆளில்லை. கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். தலை பாத்டப்பின் விளிம்பில் மோதாதது என் அதிர்ஷ்டம். அப்படியே தரையில் இருந்தபடி அம்மாவுக்கு போன் எடுத்தேன்.

இப்போது அந்தத் தங்கச்சியின் திட்டத்தைப் பார்ப்போம். கொம்ப்ரெஷன் சட்டை பெரும்பாலும் நான்கு முதல் ஆறு கிழமை. கண்டல் கீழே இறங்கி, மஞ்சளாகி மறைய இரண்டு கிழமை வரை. கதிரையில் இருந்து செய்யும் வேலைக்குச் சிலர் நாலைந்து நாளில் திரும்புவார்கள், சிலருக்கு இரண்டு கிழமை எடுக்கும். முதல் நாளிலிருந்தே வீட்டுக்குள் மெல்ல நடக்க வேண்டும், கால் நரம்பில் இரத்தம் கட்டாமலிருக்க. ஜிம்முக்கு ஒரு மாதமாவது பொறுக்க வேண்டும். வீக்கத்தின் பெரும்பகுதி ஆறு கிழமையில் வற்றும். உண்மையான வடிவம் தெரிய மூன்று முதல் ஆறு மாதம். அதுவரை சில இடம் மரத்திருக்கும், சில இடம் கட்டியாக இருக்கும், கடிக்கும். ஆகவே இரண்டாம் கிழமையில் சாரி பிளவுஸுக்கு அளவு கொடுக்காதீர்கள்!

இதெல்லாம் அலுப்பு, அவ்வளவுதான். உயிருக்கு ஆபத்தானவை வேறு. மூச்சுத் திணறல், நெஞ்சு நோ, ஒரு கால் மட்டும் வீங்கி நோவது, காய்ச்சல், பரவும் சிவப்பு, மருந்துக்கும் அடங்காமல் கூடிக்கொண்டே போகும் நோ, தடுமாறும் பேச்சு. கனடாவில் என்றால் மூச்சு, நெஞ்சு, பேச்சு மூன்றில் எது மாறினாலும் 911. இரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போகலாம், கொழுப்புத் துணுக்கு இரத்தத்தில் கலக்கலாம். லிடோகெயின் வீட்டுக்கு வந்து பல மணி நேரம் கழித்தும் இரத்தத்தில் ஏறிக்கொண்டிருக்கும். உங்கள் பேச்சு தடுமாறுவது உங்களுக்குத் தெரியாது. பார்த்துக்கொண்டிருக்கும் இன்னொருவருக்குத்தான் தெரியும். ஒளித்து ஆற முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

2007இல் எங்கள் ரொறன்ரோவிலேயே 32 வயதுப் பெண் ஒருவர் லைபோசக்ஷனுக்குப் பிறகு இறந்தார். செய்தவர் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர் அல்ல, குடும்ப வைத்தியர். அதன் பிறகுதான் ஒன்ராறியோவில் இப்படியான கிளினிக்குகளைப் பரிசோதிக்கும் முறை வந்தது. மாகாண வைத்தியர் பதிவேடு இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. பெயரைப் போட்டால் அவர் எதில் நிபுணர் என்று காட்டும். ஐந்து நிமிட வேலை.

மலிவு என்று சென்னைக்கோ துருக்கிக்கோ பறப்பவர்களும் ஒன்றை யோசியுங்கள். ஒப்பரேஷன் செய்த உடம்போடு பல மணி நேரம் விமானத்தில் அசையாமல் இருந்தால் இரத்தம் கட்டும் ஆபத்து கூடும். மூன்றாம் கிழமை தோலுக்குக் கீழே நீர் தேங்கினால் ஊசியால் எடுக்க யாரிடம் போவீர்கள்?

"அம்மாவிடம் சொன்னால் ஸ்காபரோ முழுக்கத் தெரிந்துவிடும்" என்பீர்கள். நியாயம்தான். அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அண்ணா, சித்தி, அறைத் தோழி, யாரோ ஒருவர். ஆபத்து அறிகுறிகளை ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள். குறைந்தது மூன்று நாள் கூடவே நிற்கச் சொல்லுங்கள். என் வேலையில் ஒரு சிஸ்டம் லைவ் போன பிறகு வரும் கிழமைகளுக்கென்றே ஆட்களை ஒதுக்குவோம். மென்பொருளுக்குச் செய்ததை என் உடம்புக்குச் செய்ய எனக்குத் தோன்றவில்லை.

அம்மா அன்று அரை மணி நேரத்தில் வந்துவிட்டா. ஏச்சுக்குத் தயாராக இருந்தேன். அவ சட்டையைத் தொட்டுப் பார்த்து, "இதைத்தானே ஊரில பிள்ளை பெத்த பிறகு துணியால சுத்திக் கட்டுறனாங்கள்" என்றா. பிறகு, "ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?" அதற்கு என்னிடம் இன்றைக்கும் பதிலில்லை. ஆறு நாள் நின்றா. உப்புக் குறைக்கச் சொன்ன தாளை குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டு அதன்படியே சமைத்தா.

அந்தத் தங்கச்சி நாளைக் கல்யாணத்துக்குப் பிறகு தள்ளிப் போட்டிருக்கிறாள். அண்ணாவிடம் சொல்லிவிட்டாள். அவர் இரண்டு நாள் கதைக்கவில்லையாம். மூன்றாம் நாள் வந்து, "எத்தனை துவாய் வாங்கோணும்?" என்று கேட்டாராம்.