பி.இ. போடலையா சார்?

பதிவு நீளம். பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

போன வாரம் நான் செய்து முடித்த கப்பலின் படத்தை இங்கே போட்டிருந்தேன். ஐ.என்.எஸ். விக்ராந்த், 1971இல் இருந்த கோலத்தில், நானூறில் ஒரு பங்கு அளவில். எட்டு மாத வேலை. பாராட்டிய எல்லோருக்கும் நன்றி. கீழே ஒரு தம்பி இப்படி எழுதியிருந்தார்: "பி.இ. போடலையா சார்? பி.இ. இல்லேன்னா அது மாடல் இல்ல, பொம்மை." அதற்கும் நாலைந்து பேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் பி.இ. என்றால் படிப்பு. பெருநகரில் காலை ஏழு மணிக்கு மெயின் ரோட்டில் நின்றால் காலேஜ் பஸ்கள் வரிசையாகப் போகும். பையன் பி.இ.யா என்று பெண் வீட்டார் கேட்பார்கள். இப்போது பிளாஸ்டிக் கப்பலுக்கும் அதே கேள்வி வந்துவிட்டது.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இந்த பி.இ. என்பது போட்டோ எட்ச். மெல்லிய பித்தளைத் தகட்டில் ஒளி பட்டால் இறுகும் ஒரு பூச்சைத் தடவி, அதன்மேல் படம் வரைந்த ஃபிலிமை வைத்து, புற ஊதாக் கதிரைக் காட்டுவார்கள். ஒளி படாத இடத்துப் பூச்சைக் கழுவி எடுத்துவிட்டு, தகட்டை ஃபெரிக் குளோரைடு கரைசலில் இறக்குவார்கள். பூச்சு இல்லாத இடத்தை அது தின்றுவிடும். மிஞ்சுவது ஏணி, கைப்பிடிக் கம்பி, ரேடார் வலை, விமானி உட்காரும் சீட்டின் பெல்ட். மடக்க வேண்டிய இடத்தில் மட்டும் பாதி ஆழம் தின்னவிட்டு ஒரு கோடு வைத்திருப்பார்கள். வேதியியல் வாத்தியாராக முப்பது வருடம் ஃபெரிக் குளோரைடு பாட்டிலோடு குடித்தனம் நடத்தியவன் நான். இந்த முறையின் அழகு எனக்குத் தெரியும். அதை எல்லாவற்றுக்கும் கட்டாயம் என்று சொல்வதோடுதான் என் சண்டை.

முதலில் கப்பல் கதை. பக்கத்து ஊரில் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். 1971இல் விக்ராந்தின் எஞ்சின் அறையில் இருந்தவர். பாய்லர் நாலில் ஒன்று விரிசல் விட்டு, மீதி மூன்றை வைத்துக்கொண்டே அந்தக் கப்பல் வங்கக் கடலில் போருக்குப் போனது சரித்திரம். டிசம்பர் 4ஆம் தேதி அதன் சீ ஹாக் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. அந்த நாளை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். 1961இல் பெல்ஃபாஸ்டில் நம் கொடி ஏறிய கப்பல் 1997இல் ஓய்வு பெற்றது. பிறகு மும்பையில் அருங்காட்சியகமாக நின்றது. 2014இல் உடைக்கக் கொடுத்துவிட்டார்கள். அந்த இரும்பில் கொஞ்சம் பஜாஜ் பைக்கின் பெட்ரோல் டாங்கில் போய்ச் சேர்ந்தது. பெரியவர் தான் வேலை செய்த கப்பலைப் பேரனுக்குக் காட்ட இனி வழியில்லை. "நீங்க செஞ்சு குடுங்க சார், பேரன் பாக்கட்டும்" என்றார்.

ஃபிரான்சின் ஹெல்லர் கம்பெனி போட்ட ‘அரோமான்ஷ்’ என்ற கப்பலின் பெட்டியை எடுத்தேன். கிட்டத்தட்ட அதே குடும்பம். விக்ராந்துக்காக மேல்தளத்தைப் பிளாஸ்டிக் அட்டையில் மாற்றி வெட்டினேன். பின்னாளில் சீ ஹாரியருக்காக முன்னால் வைத்த சறுக்கு மேடை 1971இல் கிடையாது. இணையத்தில் கிடைக்கும் படங்களில் பாதி அந்த மேடையோடு இருக்கும். பார்த்து ஏமாறக் கூடாது. இதெல்லாம் கஷ்டமான வேலைதான், ஆனால் சந்தோஷமான கஷ்டம். தப்பினால் இன்னொரு அட்டையை வெட்டலாம்.

அப்புறம் கைப்பிடிக் கம்பிக்காகப் பித்தளை வாங்கினேன். எல்லோரும் சொன்னார்களே என்று.

விலை பற்றி ஒரு வார்த்தை. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70. அளவு மாதிரிகளும் சுங்கத்தின் கணக்கில் அதே தலைப்பில்தான் வரும். (பொம்மை என்று சொன்ன தம்பி சுங்க இலாகாவில் இருக்கிறாரோ என்னவோ.) இத்தனையும் கொடுத்து வாங்கிய உறையைப் பிரித்தால் தகடு நடுவில் மடங்கிக் கிடக்கிறது. விற்றவரிடம் கேட்டேன், பிரித்த சரக்கைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம். கூட இருந்த குறிப்புத் தாளில் அம்புக்குறியைத் தவிர ஒன்றும் இல்லை.

வேலை நடந்த மாதம் மே. கத்திரி வெயில். ஃபேன் போட்டால் துண்டு பறக்கிறது. ஃபேனை நிறுத்தினால் நெற்றி வியர்வை கப்பல் மேல் சொட்டுகிறது. சட்டத்திலிருந்து வெட்டும்போது பிளேடு ஒரு டிக் சத்தம் போடும், அவ்வளவுதான், துண்டைக் காணோம். தரையில் டார்ச்சைப் படுக்க வைத்துத் தேடினேன். "என்ன தேடறீங்க, திருகாணியா?" என்று வீட்டம்மா விளக்குமாற்றோடு வந்தார். மூக்குத்தித் திருகாணியாவது என்றைக்காவது கிடைத்துவிடும் அம்மா. இது போனால் போனதுதான்.

ஒட்டுவது அடுத்த கூத்து. பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் என்றால் சிமெண்ட் உருக்கி ஒட்டும். பத்து நொடி நகர்த்திச் சரி செய்யலாம். பித்தளைக்கு அது ஆகாது, ஃபெவிக்விக் மாதிரி உடனடிப் பசைதான். அது காற்றில் உள்ள ஈரத்தால் இறுகுகிற சரக்கு. கோடை மழை பெய்த மறுநாள் காலை ஒட்டினேன். சுற்றிலும் வெள்ளையாகப் பூத்துவிட்டது. கம்பி கோணலாக நின்றது. நிமிர்த்தப் பார்த்தேன். பாதி தின்ற அந்தக் கோட்டை ஒரு தடவைதான் மடக்கலாம். இரண்டாவது தடவை ஒடிந்துவிடும். ஒடிந்தது. பசையோடு மேல்தளத்தின் ஓரப் பெயிண்டும் உரிந்து வந்தது.

விட மனசில்லாமல் மிச்சத்தை உத்திரமேரூரில் தெரிந்த பத்தரிடம் எடுத்துப் போனேன். கண்ணில் லென்ஸை மாட்டிப் பார்த்தவர் கேட்ட முதல் கேள்வி: "காய்ச்சினீங்களா?" உருட்டிய பித்தளை விறைப்பாக இருக்கும், லேசாகச் சிவக்கக் காய்ச்சி எடுத்தால் இளகி, சொன்னபடி கேட்கும் என்று பாடம் நடத்தினார். உலோகவியலை வகுப்பில் நடத்தியவன், ஆனால் கையில் தகடு இருந்தபோது எனக்குத் தோன்றவில்லை. சாமணத்தால் பிடித்து, வெண்காரம் தொட்டு, துளிப் பற்றாசு வைத்து ஊதுகுழலில் ஒரு ஊது. ஏணியின் இரண்டு துண்டும் ஒன்றாகிவிட்டன. பொடி வைத்து எழுதுகிற தம்பிகளே, நிஜமாகப் பொடி வைத்து ஊதுகிறவரை ஒரு நாள் போய்ப் பாருங்கள். அந்தக் கை வர அவருக்கு எத்தனை வருடம் ஆகியிருக்கும்? புதிதாக வருகிறவனிடம் அந்தக் கையை முதல் நாளே கேட்பது என்ன நியாயம்?

ஒரு வழியாகக் கப்பலின் ஒரு பக்கத்துக்குக் கம்பி போட்டு முடித்துப் பெரியவரைக் கூப்பிட்டேன். குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு தயங்கிச் சொன்னார்: "கம்பி இவ்ளோ தடியா இருக்காது சார். ஜெயிலு மாதிரி இருக்கு."

அன்றைக்கு ராத்திரிதான் திருகு அளவியை எடுத்தேன். தகட்டின் தடிமன் 0.15 மில்லிமீட்டர். நானூறால் பெருக்குங்கள். 60 மில்லிமீட்டர். நிஜக் கப்பலில் அது இரண்டரை அங்குலக் குழாய்! அதற்கு மேல் பெயிண்ட் வேறு. நிஜத்தில் பன்னிரண்டு மில்லிமீட்டர் கம்பி என்று வைத்தால், நானூறில் ஒன்றுக்கு 0.03 வர வேண்டும். நம் தலைமுடியே பெரும்பாலும் அதைவிடத் தடிமன். சரி, இன்னும் மெல்லிய தகடு வாங்கலாமே என்பீர்கள். 0.1 என்றாலும் நாற்பது மில்லிமீட்டர். அதைவிட மெல்லிசாக எடுத்தால் தொட்டாலே சுருண்டுகொள்ளும். அமிலம் கீழே தின்னும்போது பக்கவாட்டிலும் தின்னும். ஆகையால் தகட்டின் தடிமனைவிட ரொம்பக் குறுகலான கம்பியை அதில் விட்டுவைக்க முடியாது. இன்னொன்று, தகடு தட்டையானது. அதில் வெட்டிய எதுவும் தட்டைதான். கப்பல் கம்பி உருண்டை. ஒன்பதாம் வகுப்பு வடிவியல் போதும் இதற்கு.

முழுவதையும் சுரண்டி எடுத்தேன். பழைய வழிக்குப் போனேன். பெட்டியில் துண்டுகளைத் தாங்கி நிற்கும் பிளாஸ்டிக் குச்சி இருக்கிறதல்லவா, ஸ்ப்ரூ, நாம் தூக்கிப் போடுவது. அதை மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே, சுடர் படாமல், சுற்றிச் சுற்றிக் காட்ட வேண்டும். நடுவில் பளபளவென்று இளகியதும் வெளியே எடுத்து, ஒரு மூச்சு நிறுத்தி, இரண்டு கையாலும் இழுக்க வேண்டும். மெதுவாக இழுத்தால் தடி நூல், வேகமாக இழுத்தால் சிலந்தி நூல். உருண்டையாகவே வரும். செலவு மெழுகுவர்த்தி மட்டும். அறுந்தால் இன்னொன்று இழுத்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் என்பதால் சிமெண்டே பிடிக்கும். படத்தில் நீங்கள் பார்த்த கம்பி அதுதான். ஆமாம் தம்பி, பி.இ. போடவில்லை. போட்டு, பிடுங்கிவிட்டேன்.

பித்தளையே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ரேடார் வலையை அந்தத் தகட்டிலிருந்துதான் வைத்தேன், அதைக் கையால் பின்ன என்னால் ஆகாது. பீரங்கி வண்டிக்காரர்கள் பாடு வேறு. முப்பத்தைந்தில் ஒன்று அளவில் டாமியாவின் செஞ்சூரியன் டாங்க் செய்தால், மூன்று மில்லிமீட்டர் மட்கார்டு தகடு 0.09கூட வராது, பிளாஸ்டிக் அச்சில் அவ்வளவு மெல்லிசாக வார்க்கவும் முடியாது. அங்கே பித்தளை ராஜா. தகடாக இருந்த பொருளுக்குத் தகடு போடுங்கள், யார் வேண்டாம் என்றது?

இத்தனை கோபம் ஒரு கமெண்டுக்காகவா என்று கேட்பீர்கள். இல்லை.

எங்கள் தெருவில் ஒரு பையன், ஒன்பதாம் வகுப்பு. என்னிடம் படித்தவனுடைய மகன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்துகொண்டிருந்தான். முதல் மாடல் ஒரு பழைய ஜீப். பசைக் கைரேகை எல்லாம் இருந்தது, தைப்பூசத்துக்குச் செய்யாற்றில் சாமிகள் கூடும்போது வந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அதைக் காட்டினான். அடுத்தது நாட் விமானம் வேண்டும் என்றான். 1971 டிசம்பர் 14இல் ஸ்ரீநகரில் தனி ஆளாக எதிரி விமானங்களோடு மோதி உயிர் விட்டு, பரம்வீர் சக்ரா பெற்ற நிர்மல்ஜித் சிங் சேகோன் ஓட்டிய ரகம் அது. எழுபத்திரண்டில் ஒன்று அளவில் முழு விமானமே 12 சென்டிமீட்டர். பெட்டி வந்தது. பையன் யூடியூபில் பார்த்துவிட்டு, பொங்கல் காசில் சீட் பெல்ட்டுக்கும் கருவிப் பலகைக்கும் பித்தளை வாங்கிவிட்டான். நானும் தடுக்கவில்லை. தடுத்திருக்க வேண்டும்.

பெல்ட் நாலு துண்டு. இரண்டு தரையில் போயின. ஒன்று விரலில் ஒட்டிக்கொண்டு தோலோடு வந்தது. நாலாவது, சீட்டில் ஒட்டியபின் பார்த்தால் தலைகீழ். அவன் அழவில்லை. "எனக்கு இது வராது சார்" என்றான். மேலே கண்ணாடி மூடியை ஒட்டிவிட்டால் அந்த பெல்ட் யார் கண்ணுக்கும் தெரியாது, மாஸ்கிங் டேப்பைக் கீற்றாக வெட்டி வைத்தால் போதும், இதையெல்லாம் சொன்னேன். "டேப் ஒட்டினா பொம்மைன்னு சொல்லுவாங்க சார்" என்றான். எங்கே படித்தான் என்று கேட்கவில்லை. இந்த மாதிரிப் பக்கங்களில்தான் படித்திருப்பான். இரண்டு மாதமாக வரவில்லை. போகிற வழியில் பார்த்தால் திண்ணையில் போனோடு உட்கார்ந்திருக்கிறான்.

முப்பது வருடத்தில் எனக்கு வராது என்று எழுந்து போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் காரணம் பாடம் இல்லை. பக்கத்து பெஞ்சிலிருந்து ஒருவன் சொன்ன ஒரு வார்த்தை. படம் போடுகிறவன் பதினான்கு வயதா அறுபத்தேழா என்று உங்களுக்குத் தெரியாது தம்பி. எனக்குத் தோல் தடித்துவிட்டது, தாங்குவேன்.

கப்பல் பெரியவர் வீட்டில் டிவி மேலே இருக்கிறது. பேரன் சீ ஹாக்கை எண்ணினானாம். ஒவ்வொன்றும் இறக்கை விரித்தால் மூன்று சென்டிமீட்டர்.

பையனின் அப்பா இந்தப் பதிவைப் படிப்பார் என்று தெரியும். அப்பா, நாட் பெட்டி என் அலமாரியில் அப்படியே இருக்கிறது, நான் தொடவில்லை. ஞாயிறு காலை பத்து மணிக்கு அனுப்பி வை. மெழுகுவர்த்தி, டேப், பிளேடு எல்லாம் இருக்கிறது. கண்ணாடி மூடி மட்டும் கொஞ்சம் தூசி பிடித்திருக்கிறது, அவனே வந்து துடைக்கட்டும்.