வழக்கில் வென்ற தகப்பன் ஏன் தோற்றான்?

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்கு அப்பால் ஒரு சிற்றூரில் நாம் ஓர் இரவு தங்க நேர்ந்தது. தங்கிய வீட்டுத் தொலைக்காட்சியில் ‘தெய்வத்திருமகள்’ ஓடியது. வாசல்வரை ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். புளி உலுக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து, ஒரு கால் விளங்காமல் போன ஒருவர், தூங்கிவிட்ட மகளை மடியில் போட்டுக்கொண்டு கடைசிவரை பார்த்தார். படம் முடிந்ததும் நம்மைக் கேட்டார்: “கோர்ட்டே புள்ளையக் குடுத்துடுச்சே தோழரே, அப்புறம் இவரு ஏன் திருப்பிக் குடுக்கறாரு?”

அந்தக் கேள்வியை இந்த வாரம் வாசகத் தோழர்கள் முன் வைக்கிறோம்.

2011 ஜூலையில் வெளிவந்த படம் அது. இயக்கியவர் ஏ.எல். விஜய். விக்ரம் ஏற்ற கிருஷ்ணா என்ற பாத்திரம், வயதில் வளர்ந்தும் மனத்தில் சிறு குழந்தையாகவே இருக்கும் தொழிலாளி. நீலகிரி மலையில் ஒரு சாக்லேட் தொழிற்சாலையில் வேலை. பிரசவத்தில் மனைவி இறந்துவிடுகிறாள். அக்கம்பக்கத்தார் துணையுடன் மகள் நிலாவை வளர்க்கிறான். பணக்காரரான தாத்தா வந்து குழந்தையை எடுத்துச் செல்கிறார். வழக்கு நடக்கிறது. கிருஷ்ணா வெல்கிறான். வென்ற பிறகு, குழந்தை நன்றாக வளரட்டும் என்று தானே அவளைத் தாத்தா வீட்டில் விட்டுவிடுகிறான்.

ஊனத்தைக் கேலிப் பொருளாக்கிச் சிரிக்க வைத்த படங்கள் நம்மிடம் ஏராளம். 1959-இல் ‘பாகப் பிரிவினை’யில் கை விளங்காதவராக நடித்துச் சிவாஜி கணேசன் மக்கள் மனத்தில் இடம் பிடித்தது போன்ற உதாரணங்கள் குறைவு. அந்த வகையில் ‘தெய்வத்திருமகள்’ வரவேற்கத்தக்க படமே. அன்புக்கு அறிவு அளவுகோல் அல்ல என்பதைப் பாமரரும் உணரும்படி அது சொல்லியது. அதைப் பார்த்துக் கண்ணீர் விட்டவர்களை நாம் குறை சொல்ல மாட்டோம். நாமும் கலங்கினோம்.

ஆனால் தீர்ப்புக்கு மறுநாள் காலையை எண்ணிப் பாருங்கள். அவன் வேலைக்குப் போனால் பிள்ளையை யார் பார்ப்பது? பாடம் யார் சொல்லித் தருவது? காய்ச்சல் வந்தால் மருந்தை வேளைக்கு யார் கொடுப்பது? இதற்கு விடை படத்தின் முதற்பாதியிலேயே இருக்கிறது. நண்பர்களும் அண்டை வீட்டாரும் கூடித்தானே அந்தப் பிள்ளையை வளர்த்தார்கள்! முடிவில் படம் அதை மறந்துவிட்டுப் பெரிய வீட்டின் கதவைக் காட்டுகிறது. தகப்பனிடம் அன்பு குறையவில்லை; அவனுக்குத் துணைதான் குறைந்தது. துணையில்லாத குறையை அவனுடைய தகுதிக் குறைவாக்கி, அதற்குத் தியாகம் என்று பெயர் சூட்டுவதை நாம் ஏற்க முடியாது.

குழந்தையின் நலனே பெரிது என்று சிலர் சொல்லலாம். நாமும் அதைத்தான் சொல்கிறோம். குழந்தையின் நலனுக்குத் தகப்பனும் வேண்டும், பள்ளியும் வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று ஏழையிடம் மட்டும் ஏன் சொல்ல வேண்டும்?

சர்வதேச உடன்படிக்கையே நம் பக்கம் பேசுகிறது. ஊனமுற்றோர் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006-இல் நிறைவேறியது. 2007 அக்டோபரில் இந்தியா அதற்கு ஒப்புதல் அளித்தது. அதன் 23-ஆவது ஷரத்து, பிள்ளையின் ஊனத்தையோ பெற்றோரின் ஊனத்தையோ காரணம் காட்டிப் பிள்ளையைப் பிரிக்கக் கூடாது என்கிறது. பிள்ளை வளர்க்கும் பொறுப்பில் ஊனமுற்றோருக்கு அரசு உதவ வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் இந்தியாவில் 2016-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் 9-ஆவது பிரிவு, ஊனமுற்ற பிள்ளையைப் பிரிப்பது பற்றி மட்டுமே பேசுகிறது. பெற்றோரின் ஊனத்தைச் சொல்லவில்லை. 24-ஆவது பிரிவு, பிள்ளை வளர்க்க ஊனமுற்ற பெண்களுக்கு உதவி உண்டு என்கிறது. நல்லது. அந்த இடத்தில் தகப்பனைப் பற்றி ஒரு சொல் இல்லை.

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி நாட்டில் ஊனமுற்றோர் 2 கோடியே 68 லட்சம் பேர். பத்தில் ஏழு பேர் கிராமத்தவர். அவர்களில் எத்தனை பேர் தாய் தகப்பன்மார்! பஞ்சாலையில் விரல்களை இழந்த தோழரையும், கதிரடிக்கும் மெஷினில் கையைக் கொடுத்த தோழரையும் நமக்குத் தெரியும். கை போன அன்று அவர்களுடைய கூலி போயிற்று. பிள்ளைகளுக்கு அவர்கள் தகப்பனாக இருப்பது போகவில்லை.

மலையில் இந்தப் பாரம் இரட்டிப்பு. ஜவ்வாது மலைத் தொடரின் வேலூர்ப் பக்கம், அல்லேரியில், 2023 மே மாதம் ஒன்றரை வயதுக் குழந்தை பாம்பு கடித்து இறந்தது. சாலை இல்லாததால் ஆம்புலன்ஸ் பாதி வழியில் நின்றது. பெற்ற தாய் பிள்ளையின் உடலைச் சுமந்து மலையேறினாள். இரு காலும் உறுதியாக உள்ளவர்களுக்கே இந்தக் கதி என்றால், கால் விளங்காத தகப்பன் என்ன செய்வான்? அவனுடைய அன்பு எந்தப் பாதையில் ஆஸ்பத்திரிக்குப் போகும்?

ஆகவே நாம் கேட்பது இரக்கமல்ல. சட்டத்தில் பெற்றோரின் ஊனத்தையும் சேர்க்க வேண்டும். பிள்ளை வளர்ப்பு உதவி தாய்க்கும் தகப்பனுக்கும் கிடைக்க வேண்டும். ஊனச் சான்றிதழ் தரும் மருத்துவர்கள் மலைக்கு ஏறி வர வேண்டும். ஊருக்குச் சாலையும், பிள்ளைக்கு நடக்கும் தூரத்தில் பள்ளியும் வேண்டும். நம் தெருவில் அப்படி ஒரு வீடு இருந்தால், சர்க்கார் வரும்வரை காத்திராமல் நாம் அங்கே போய் நிற்க வேண்டும்.

அன்றிரவு அந்தத் தகப்பனார் நம் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தூங்கும் மகளைத் தோளில் சாய்த்து, கோலை ஊன்றி எழுந்தார். “நானா இருந்தா குடுக்க மாட்டேன்” என்றார். பக்கத்து வீட்டுப் பையன் டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு அவருக்கு முன்னால் நடந்தான்.