இல்லம் குஷாய்குடாவிலேயே தொடர வேண்டும்: இடமாற்ற யோசனை குறித்து நமது சங்கத்தின் நிலைப்பாடு

மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் இடையே மனநோயாளர் தங்கிப் பழகும் நமது இடைநிலை இல்லத்தை வெளிவட்டச் சாலைக்கு அப்பால் உள்ள பெரிய வளாகத்துக்கு மாற்றும் யோசனையை, இப்போது முன்வைக்கப்பட்டுள்ள வடிவில், மனநோயாளர் குடும்பத்தினரின் சங்கமாகிய நாம் ஏற்கவில்லை. இல்லம் குஷாய்குடாவில், பஸ்ஸும் கடையும் மருந்தகமும் நடந்தே எட்டும் ஒரு தெருவில் தொடர வேண்டும் என்பது சங்கத்தின் நிலைப்பாடு. நீண்ட விவாதத்துக்குப் பின் செயற்குழு பெரும்பான்மையாக எடுத்த முடிவு இது. மாறுபட்ட கருத்துக் கொண்ட உறுப்பினர்களின் கவலைகளுக்கும் இங்கே இடம் தந்திருக்கிறோம்.

வீட்டைக் காலி செய்யக் கேட்ட உரிமையாளரின் நோட்டீஸ், காலனி நலச்சங்கத்தின் மனு, அதன்பின் நடந்த கூட்டம் எல்லாம் உறுப்பினர்கள் அறிந்தவை. அவற்றை மறுபடி விரிக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் நம் பிள்ளைகளைக் குறித்துச் சொல்லப்பட்ட சொற்களை எழுதிப் பரப்பவும் நமக்கு விருப்பமில்லை. ஆனால் அவை சொல்லப்பட்டன. அந்தப் பிள்ளைகளில் சிலர் அதே அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். இது பதிவாக வேண்டும்.

1. மறுவாழ்வு எங்கே நடக்கிறது

மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு போன்ற தீவிர நோய்களில் மருந்தின் பங்கை நாம் குறைத்துச் சொல்லவில்லை. காதில் கேட்கும் குரல்களை, இரவெல்லாம் விரட்டும் சந்தேகத்தை மருந்து பெருமளவு தணிக்கிறது. ஆனால் நோய் தணிந்த பிறகும் மிஞ்சுவது நிறைய உண்டு. எழுந்து குளிக்க மனம் வராமை, ஆள் முகம் பார்த்துப் பேசக் கூச்சம், இரண்டு வேலையைச் சேர்த்துச் சொன்னால் ஒன்று மறந்துபோவது, பத்து வருஷம் பணத்தைக் கையால் தொடாததால் வந்த தயக்கம். இவற்றுக்கு மாத்திரை இல்லை. உளசமூக மறுவாழ்வு என்று நாம் சொல்வது இந்த மிச்சத்தோடு நாள்தோறும் மல்லுக்கட்டும் வேலையைத்தான்.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை இல்லத்தின் பால் வாங்கும் முறையில் பார்க்கலாம். புதிதாக வந்த ஒருவர் முதல் சில நாட்கள் ஊழியரோடு கடைக்குப் போவார், பேச மாட்டார். பிறகு காசை அவரே நீட்டுவார், ஊழியர் பக்கத்தில் நிற்பார். அடுத்த கட்டத்தில் ஊழியர் தெருமுனையோடு நின்றுவிடுவார். அதற்கும் அடுத்து, வாசல் கேட்டோடு. ஒரு கட்டத்தில் அவர் தனியாகப் போய், இரண்டு பாக்கெட் பாலும் சரியான சில்லறையும் கொண்டுவருவார். கடைக்காரர் "அன்னா, இன்னிக்கு லேட்டு" என்று தெலுங்கில் கேட்டதற்குத் தெலுங்கிலேயே பதில் சொன்னேன் என்று சேதியும் கொண்டுவருவார். கிளம்ப வேண்டும் என்ற முனைப்பு, வழி நினைவு, கணக்கு, அறிமுகமில்லாதவரோடு பேச்சு என்று எல்லாமே அந்தச் சிறு நடையில் பயிற்சியாகிவிடுகின்றன.

யோசனை சொல்லும் வளாகத்தில் பால் வண்டியில் வந்து சமையலறையில் இறங்கும். காற்றோட்டம் இருக்கலாம், மரங்கள் இருக்கலாம், அறைகளும் பெரிதாக இருக்கலாம். போவதற்கு ஒரு கடை இருக்காது. கடையில்லாத இடத்தில் எதைப் பயிற்றுவிப்பது? நான்கு சுவருக்குள் கடைபோல் மேசை போட்டு நடித்துக் காட்டுவதா? அதைத்தான் பெரிய மனநல விடுதிகள் காலங்காலமாகச் செய்தன. ஊதுபத்தி உருட்டுவதும் கவர் ஒட்டுவதும் பழகிய கைகள் வெளியே வந்து பஸ் ஏறத் தெரியாமல் நின்றதை நம்மில் பலர் கண்ணால் பார்த்திருக்கிறோம்.

வேலைவாய்ப்பும் இப்படித்தான். குஷாய்குடா, செர்லபள்ளி தொழிற்பேட்டைப் பட்டறைகளில் பேக்கிங் வேலைக்கு அரைநாள் போகும் நம் இல்லவாசிகள், அந்த இடம் பக்கத்தில் இருப்பதால்தான் போகிறார்கள். மனம் சரியில்லாத நாளில் மதியமே திரும்பி வந்துவிட முடிகிறது. குளோசபைன் தொடங்கியவருக்கு முதல் மாதங்களில் வாராவாரம் ரத்தப் பரிசோதனை கட்டாயம். வெள்ளணுக்கள் குறைகின்றனவா என்று பார்க்காமல் அந்த மருந்தைத் தொடர முடியாது. ரத்தம் கொடுக்க இங்கே நடந்து போகிறார்கள். அங்கே யார் எந்த வண்டியில் அழைத்துப் போவார்கள் என்று கேட்டோம். இதுவரை பதில் இல்லை.

2. தூரம்

செயற்குழு மிக அழுத்தமாகச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

நம் உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஈ.சி.ஐ.எல்., என்.எஃப்.சி. நிறுவனங்களில் வேலைக்காக இந்தப் பக்கம் வந்து, ஓய்வுபெற்று, இங்கேயே தங்கிவிட்டவர்கள். எழுபதைத் தாண்டியவர்கள். மௌலாலியிலிருந்தும் காப்ராவிலிருந்தும் ஒரே பஸ்ஸில் வந்து மகனைப் பார்த்துவிட்டுப் போகிறோம். சொல்லிக்கொண்டு வருவதில்லை. மதியச் சாப்பாட்டு வேளையிலும் வருவோம், மாலையிலும் வருவோம். தட்டில் என்ன இருக்கிறது, மருந்துப் பெட்டியில் எந்த நாள் மாத்திரை எடுக்கப்பட்டிருக்கிறது, நகம் வெட்டியிருக்கிறதா, கையில் காயம் உண்டா என்று பார்க்கிறோம். நடத்துபவர்கள் மீது சந்தேகம் கிடையாது. அவர்களின் உழைப்பை மதிக்கிறோம். ஆனால் எந்த நிறுவனமும் யாரோ வந்து பார்க்கிறார்கள் என்பதால்தான் நேராக நிற்கிறது. மூன்று வண்டி மாறிப் போக வேண்டிய இடத்துக்கு எழுபத்தைந்து வயதுத் தாய் மாதம் ஒருமுறை போவதே அரிது. பிறகு தீபாவளிக்குத் தீபாவளி. பிறகு போன். பிறகு போனும் நின்றுவிடும்.

பார்க்க ஆளில்லாத இடங்களில் என்ன நடந்தது என்பது இந்த நாட்டுக்குத் தெரியும். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், பாதுஷா என்ற தனியார் மனநலக் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். குடும்பத்தினர் பணம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள், நம்பிக்கையோடு விட்டுப் போயிருந்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல நமக்கு வாயில்லை. அவர்கள் தூரத்தில் இருந்தார்கள், அவ்வளவுதான். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. கொட்டகைகள் மூடப்பட்டன. இனி இப்படி நடக்காது என்றார்கள்.

2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில், உரிமம் இல்லாமல் நடந்த அன்பு ஜோதி ஆசிரமத்திலிருந்து 140க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள். அங்கு சேர்க்கப்பட்ட ஒருவரைக் காணவில்லை என்று நீதிமன்றத்தில் மனுப் போடப்பட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பாலியல் கொடுமை உட்படக் கடுமையான குற்றச்சாட்டுகள் எழுந்தன, விசாரணை சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. ஏர்வாடிக்கும் அதற்கும் இடையே 20 ஆண்டுகளுக்கு மேல். புது மனநலச் சட்டமும் வந்திருந்தது. தூரம் மட்டும் மாறவில்லை.

நமக்குக் காட்டப்பட்ட வளாகம் இவற்றைப் போன்றது என்று சங்கம் கூறவில்லை. அதை நடத்த முன்வந்திருப்போரின் நல்லெண்ணத்தை ஐயுறவும் இல்லை. ஆனால் நல்லெண்ணம் ஆள் மாறும்போது மாறும். தெருவில் இருக்கும் வீட்டை அக்கம்பக்கம் பார்க்கும், பால்காரர் பார்ப்பார், கேஸ் போடுபவர் பார்ப்பார். மதில் எழுப்பிய வளாகத்தை அப்படி யாரும் பார்ப்பதில்லை. பெரிய இடமென்றால் பாதுகாப்பு என்று நம்மிடம் சொல்கிறார்கள். யாருக்குப் பாதுகாப்பு என்று கேட்கிறோம்.

வேறு வழி இல்லை என்பதும் உண்மையில்லை. 1950களில் அமிர்தசரஸில் டாக்டர் வித்யாசாகர் நோயாளியோடு குடும்பத்தையும் மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி.யும் அதே காலத்தில் குடும்பம் உடனிருக்கும் முறையைத் தொடங்கியது. சென்னையில் 1993இல் தொடங்கிய பான்யன் அமைப்பு, ஆண்டுக்கணக்கில் காப்பகங்களில் இருந்தவர்களுக்கு 2015 முதல் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடு பிடித்து, நான்கைந்து பேராகச் சேர்ந்து வாழ வழி செய்கிறது. ஹோம் அகெய்ன் எனப்படும் இந்தத் திட்டத்தை உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டியில் நல்ல முன்மாதிரிகளில் ஒன்றாகச் சேர்த்தது. சென்னையின் தெருவில் முடிவது குஷாய்குடாவின் தெருவில் ஏன் முடியாது?

3. அக்கம்பக்கத்தாரின் அச்சம்

காலனிவாசிகளின் அச்சத்தை நாம் ஒதுக்கித் தள்ளவில்லை. இரவில் ஒருமுறை எழுந்த கூச்சல் பற்றிய புகார் நியாயமானது. அதன்பின் இரவுப் பணியாளர் ஒருவர் கூடுதலாக வைக்கப்பட்டார். புகார் வந்தால் உடனே கேட்க ஒரு பொது எண்ணும், மாதம் ஒருமுறை காலனிக்காரர்களோடு ஒரு சந்திப்பும் வேண்டும் என்பதை ஏற்கிறோம். ஆனால் மனுவில் கண்ட 'ஆபத்தானவர்கள்' என்ற சொல்லை ஏற்க மாட்டோம். சிகிச்சையில் இருக்கும் மனநோயாளர் பிறரைத் தாக்குவதைவிட, பிறரால் ஏமாற்றப்படுவதும் அடிக்கப்படுவதும்தான் மிகுதி. நம் இல்லவாசி ஒருவரின் சட்டையைப் பிடித்து உலுக்கியது யார் என்று காலனிக்கும் தெரியும், நமக்கும் தெரியும். நாம் மனு கொடுக்கவில்லை.

வீட்டு விலை குறையும் என்ற வாதத்துக்குப் பதில் சொல்ல விரும்பவில்லை.

4. சட்டம்

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 19ஆம் பிரிவு, மனநோய் உள்ளவர் சமூகத்துக்குள், அதிலிருந்து பிரிக்கப்படாமல் வாழும் உரிமை உடையவர் என்கிறது. குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை, சமூகத்தில் வசதியில்லை என்ற காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது. இடைநிலை இல்லங்களும் குழு இல்லங்களும் அமைவதற்கு அரசு வழிசெய்ய வேண்டும் என்பதும் அதே பிரிவுதான். குணமானவர்களை மருத்துவமனையிலிருந்து முதியோர் இல்லங்களுக்கும் பிச்சைக்காரர் இல்லங்களுக்கும் தள்ளிவிட்டுக் கணக்கைச் சரிசெய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021இல் எச்சரித்தது. அரசு மனநல மருத்துவமனைகளின் நிலையோ வேறு. 43 மருத்துவமனைகளைப் பார்த்து 2019இல் வெளியான தேசிய அறிக்கையின்படி, உள்நோயாளிகளில் 36 விழுக்காட்டினர் ஓராண்டுக்கு மேலாக உள்ளேயே இருந்தவர்கள். வெளியே ஒரு வீடு இருந்திருந்தால் பலர் உள்ளே இருந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட ஒரு வீட்டைத்தான் இப்போது காலி செய்யச் சொல்கிறார்கள்.

5. பிற விஷயங்கள்

மாநில மனநல ஆணையத்தில் பதிவையும் ஆய்வையும் சங்கம் முழுமையாக ஆதரிக்கிறது. ஆனால் ஏழெட்டுப் பேர் வாழும் வீட்டுக்கும் நூறு படுக்கை மருத்துவமனைக்கும் ஒரே அளவுகோல் பொருந்துமா என்பதில் செயற்குழுவில் இரு கருத்து உண்டு. அது தனியாக விவாதிக்கப்படும்.

மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்கும் சான்றிதழ் புதுப்பிப்புக்கும் ஒவ்வொரு முறையும் நோயாளியை வரிசையில் நிறுத்துவது நிறுத்தப்பட வேண்டும்.

உடல்நலம் மிகவும் குன்றியவர்களுக்கு நீண்டகாலப் பராமரிப்பு இடம் தேவை என்ற உறுப்பினர்களின் கருத்தை மதிக்கிறோம். அத்தகைய இடமும் நகருக்குள்ளேயே அமைய வேண்டும் என்பது பெரும்பான்மைக் கருத்து.

6. இல்லவாசிகளின் வாய்ச்சொல்

இந்த விவாதத்தில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது, அதுதான் செயற்குழுவை மிகவும் கோபப்படுத்தியது. இடமாற்றத்தை முன்வைத்தவர்கள் உரிமையாளரிடம் பேசினார்கள், காலனியிடம் பேசினார்கள், பெற்றோரிடமும் கொஞ்சம் பேசினார்கள். அங்கே வாழ்பவர்களிடம் யாரும் கேட்கவில்லை. இடம் மாறப்போவது அவர்களின் படுக்கை, அவர்களின் பட்டறை வேலை, அவர்களின் நட்பு. சேர்க்கையிலிருந்து சிகிச்சை வரை எல்லாவற்றிலும் அவர்களின் விருப்பத்தைக் கேட்கச் சட்டம் சொல்கிறது. வீட்டை மாற்றும்போது மட்டும் அவர்கள் மேசை நாற்காலிகளோடு சேர்ந்த சாமானா?

7. கோரிக்கைகளும் தீர்மானமும்

அ. குஷாய்குடா, காப்ரா, மௌலாலி எல்லைக்குள் மாற்று வாடகை வீடு தேடுவதே முதல் வழியாகக் கொள்ளப்பட வேண்டும். முன்பணத்தில் ஒரு பகுதியைச் சங்கம் திரட்டித் தரும்.

ஆ. வீடு கிடைக்கும்வரை தற்போதைய வீட்டில் தொடர உரிமையாளரிடம் கால நீட்டிப்புக் கோரப்பட வேண்டும். வாடகை உயர்வு குறித்துப் பேசச் சங்கம் தயார்.

இ. ஒவ்வொரு இல்லவாசியிடமும், அவர் நியமித்த பிரதிநிதி உடனிருக்க, தனித்தனியே கருத்துக் கேட்டு எழுத்தில் பதிய வேண்டும்.

ஈ. எங்கே இயங்கினாலும் முன்னறிவிப்பின்றிக் குடும்பத்தினர் வந்து பார்க்கும் உரிமை எழுத்து ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும்.

உ. கடைசி வழியாக நகருக்கு வெளியே தற்காலிகமாக மாறினால், திரும்பிவரும் தேதி முன்கூட்டியே குறிக்கப்பட வேண்டும். தேதியில்லாத 'தற்காலிகம்' எதற்கும் சங்கம் உடன்படாது.

இவற்றுக்கு எழுத்தில் பதில் வரும்வரை நம் குடும்பங்கள் எந்த இடமாற்றப் படிவத்திலும் கையெழுத்திட வேண்டாம் என்று செயற்குழு கேட்டுக்கொள்கிறது. இல்லவாசிகள் விரும்பினால், சட்டத்தின் 77ஆம் பிரிவின்கீழ் மனநல மீளாய்வு வாரியத்தை அணுக அவர்களுக்குத் துணைநிற்போம்.

நாம் இல்லாத காலத்திலும் நம் பிள்ளைகள் வாழ வேண்டும். அதற்குப் பணம் சேர்க்கலாம், டிரஸ்ட் எழுதலாம், எல்லாம் செய்வோம். ஆனால் அவர்களைப் பெயர் சொல்லி அழைக்கும் ஒரு தெரு இருந்தால்தான் அந்தக் காலம் அவர்களுக்கு வாழ்க்கையாக இருக்கும். அந்தத் தெருவை நாம் விட்டுக்கொடுக்கப்போவதில்லை.

செயற்குழு,
குஷாய்குடா, ஹைதராபாத்
(தெலுங்கிலும் தமிழிலும் ஒருசேர வெளியிடப்படுகிறது)