மூலநோயும் வேலியோரத் துத்தியும்

பிறரிடம் சொல்லக் கூசும் நோய்கள் சில உண்டு. அவற்றுள் முதலிடம் பெறத் தக்கது மூலநோய். தலைவலியைப் பத்துப் பேரிடம் சொல்லி ஆறுதல் பெறுகிறோம். பல்வலி என்றால் அடுத்த வீட்டார் கிராம்பு கொடுத்து உதவுகின்றனர். மலங்கழிக்கையில் இரத்தம் கண்ட கணவனோ அதனை மனைவியிடமும் சொல்லான். மனைவியாயின் கணவனிடமும் சொல்லாள். மன்னார்ப் பகுதி வாசகர்கள் நமக்கு எழுதும் கடிதங்களில் இந்நோய் பற்றிய கேள்வி அடிக்கடி தலைகாட்டுகிறது. அவற்றுட் பலவற்றில் ஒப்பமே இருப்பதில்லை. இலை மருந்து ஒன்று சொன்னாற் போதும் என்பதே வேண்டுகோள். இலை மருந்தைச் சொல்வதில் நமக்குத் தடையில்லை. ஆயினும் அதற்கு முன்னே சொல்ல வேண்டியதும் ஒன்றுண்டு.

முதலில் நோயின் இயல்பைக் காண்போம். குதத்தின் உட்புறத்தில் இரத்தக் குழாய்கள் நிறைந்த, மெத்தை போன்ற தசைப்பகுதிகள் எல்லோர்க்கும் உள்ளன. மலம் இறுகி, முக்கி முக்கிக் கழிக்கும் வழக்கம் நீடிக்குமாயின் அவை வீங்கிச் சரிகின்றன. உள்மூலம் பெரும்பாலும் வலிப்பதில்லை. செந்நிற இரத்தம் மட்டும் சொட்டும். வெளிமூலத்தில் இரத்தம் உறைந்துவிட்டால் உட்காரவும் இயலாத வேதனை உண்டாகும். பகைவனைப் போல் நின்று உயிரை வருத்துவது என்னும் பொருள்படவே வடமொழி நூலார் இதனை 'அர்சஸ்' என்றனர். ஆயுர்வேதம் இதனை ஆறு வகையாகப் பகுக்க, சித்த மருத்துவத்தில் யூகிமுனிவர் இருபத்தொன்றாக விரித்தார். நம் யாழ்ப்பாண மரபின் பெருமருத்துவ நூலாகிய பரராசசேகரத்திலும் இந்நோய்க்கெனத் தனிப்பகுதி உண்டு. ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை அவர்கள் அந்நூலைத் தேடித் தொகுத்து அச்சேற்றியிராவிடில் அதுவும் ஏட்டோடு செல்லரித்துப் போயிருக்கும்.

தலைமன்னார் முதல் அரிப்பு வரையுள்ள கரையோரம் இந்நோய்க்கு ஏற்ற நிலம் என்றே சொல்லத் தோன்றுகிறது. வெயிலோ கடுமை, வியர்வையாய் உடல்நீர் வடிந்துகொண்டே இருக்கும். மணற்பாங்கான தீவின் கிணறுகளிற் பல கோடையில் உவர்ப்பேறிவிட, தாகத்துக்குத் தண்ணீர் அருந்துவோர் குறைந்து தேநீர் அருந்துவோர் மிகுகின்றனர். கடலுக்குச் செல்வோர் மலத்தை அடக்கிக்கொண்டு படகில் மணிக்கணக்காய் இருக்கின்றனர். இவற்றுக்கு மேல், காலையில் பாணும் சம்பலும், நண்பகலில் வெள்ளைச் சோறும் கருவாட்டுக் குழம்பும் என உணவு அமைந்துவிட்டால் மலம் இறுகாமல் என் செய்யும்?

நோய் விளையும் இடத்திலேயே மருந்தும் விளைகிறது. மன்னார்ப் பகுதியின் வேலியோரங்களிலும் வெறுநிலங்களிலும் தானே முளைத்து நிற்கும் துத்தியை நாம் நாள்தோறும் கண்டும் காணாது செல்கிறோம். இதய வடிவான, பட்டுப்போல் மெத்தென்ற இலை, மஞ்சட் பூ, பற்சக்கரம் போன்ற காய். வடநூலார் 'அதிபலா' என்பது இதனையே. பருத்தியும் செவ்வரத்தையும் வெண்டியும் இதன் உறவினர். வெண்டிக்காயை நறுக்குகையில் கையில் ஒட்டும் வழுவழுப்பு இதன் இலையிலும் உண்டு. அந்த வழுவழுப்பே மருந்தின் மருமம். இலையை நன்கு கழுவி, சின்ன வெங்காயமும் பருப்பும் சேர்த்துக் கறியாக்கி உண்பர். ஆமணக்கெண்ணெயில் வதக்கி, கை பொறுக்கும் இளஞ்சூட்டில் துணியில் வைத்துக் கட்டுவதும் உண்டு. உண்டால் மலம் இளகும். கட்டினால் வீக்கமும் எரிவும் தணியும். இவ்வளவே அதன் பணி. மூலத்தை வேரோடு அறுத்தெறியும் என்பார் பேச்சு மிகை.

கருணைக்கிழங்குக்கு வடமொழியில் 'அர்சோக்னம்', அதாவது மூலத்தை அழிப்பது, என்றே ஒரு பெயர். புளியிட்டு நன்றாக வேகவையாவிடில் நாவும் தொண்டையும் அரித்தெடுக்கும் என்பதை நம் இல்லத்தரசிகளுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. வாதமும் கபமும் மிக்க மூலத்துக்கு மோரிற் சிறந்த மருந்தில்லை என்பது சரகர் கொள்கை. கற்றாழையில் மட்டும் கவனம் வேண்டும். உட்சோறு தீங்கற்றது; தோலை அடுத்து வடியும் மஞ்சட்பாலோ கடும்பேதி. கருவுற்ற பெண்டிருக்கு அது ஆகவே ஆகாது. கருப்ப காலத்தில் மூலம் தோன்றுவது மிகச் சாதாரணம் ஆதலின் இதனை அழுத்திச் சொல்கிறோம்.

இனி, முன்னே சொல்ல வேண்டியது என்று குறித்த செய்திக்கு வருவோம். நம் முன்னோர் இந்நோயைக் காணாமலே மருந்து கொடுத்தனர் என்று எண்ணுவது பெருந்தவறு. சுசுருதர் தம் நூலில் மூலத்தைக் கண்ணாற் கண்டறிவதற்கென்றே ஒரு குழற்கருவியை விவரிக்கிறார். பசுவின் முலைக்காம்பு வடிவிலே, நான்கு விரல் நீளமாய், இரும்பாலோ தந்தத்தாலோ கொம்பாலோ மரத்தாலோ அது செய்யப்படல் வேண்டும் என்பது விதி. இன்றைய சத்திரவைத்தியர் கையிலுள்ள கருவியின் பாட்டன் அது! கண்டறிந்த பின்னரே மருந்து, காரம், தீ, கத்தி என்னும் நால்வகை வழிகளுள் ஒன்றை அவர் தேர்ந்தார். கள்ளிப்பாலும் நாயுருவிச் சாம்பற்காரமும் மஞ்சளும் மாறிமாறிப் பூசிய காரநூலால் பவுத்திரத்தை அறுக்கும் முறையும் அப்பழைய மரபினதே. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் தேஷ்பாண்டே என்னும் பேராசிரியரும் அவர் குழுவினரும் 1960களில் அதற்குப் புத்துயிர் அளித்தனர். இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் ஆய்வும் 1991இல் அதன் பயனை ஒப்புக்கொண்டது. ஆயினும் அது பயின்ற கைகளுக்கு உரிய தொழில். காரத்தைத் தாமே பூசிப் புண்ணாக்கிக்கொள்வது அறிவீனம்.

இன்று நிகழ்வது யாது? தமிழகத்துச் சுவர்களையெல்லாம் 'மூலம், பவுத்திரம்' விளம்பரங்கள் மூடியுள்ளன. தொலைபேசியிற் கேட்டாலே பொட்டலம் தபாலில் வருகிறது. நோயாளியின் முகத்தையும் பாராத வைத்தியம் இது. நாட்டு மருந்து தீங்கு செய்யாது என்ற நம்பிக்கையும் இதற்குத் துணை நிற்கிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2004இல் வெளியிட்ட ஆய்வில் 14 மருந்துகளில் ஈயம், பாதரசம், பாஷாணம் என்பவற்றுள் ஒன்றேனும் காணப்பட்டது. பொட்டலத்தில் இருப்பது துத்தியா, வேறெதுவுமா என்று வாங்குவோர் எங்ஙனம் அறிவர்?

அதனினும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. மலத்தோடு இரத்தம் வருவதெல்லாம் மூலமன்று. பெருங்குடற் புற்றுநோயும் அவ்வாறே தொடங்கலாம். இலங்கையில் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களுள் அதுவும் ஒன்று. தொடக்கத்திற் கண்டால் அறுத்து அகற்றிப் பிழைக்க வைக்கலாம். ஆறு மாதம் இலைமருந்து உண்டு, பின் வேறு பொட்டலம் தேடி, ஓராண்டு கழித்து வைத்தியசாலைக்குச் செல்பவரின் நிலை வேறு. கூச்சத்தின் விலை அவ்வளவு. ஆகவே இரத்தம் கண்டவர், குறிப்பாக நாற்பதைக் கடந்தவர், முதலில் மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலையிலோ, 1961ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டப்படி பதிவு பெற்று, உடலைச் சோதித்தே மருந்து கொடுக்கும் வைத்தியரிடமோ சென்று காட்டல் வேண்டும். இரத்தம் கருத்திருந்தாலும், உடல் மெலிந்தாலும், மலங்கழியும் வழக்கம் காரணமின்றி மாறினாலும், குடும்பத்தில் எவர்க்கேனும் குடற்புற்று இருந்திருந்தாலும் வைத்தியசாலைக்கே செல்க. ஒரு நாளும் தாழ்த்தலாகாது. நெடுநாள் இரத்தம் இழந்தவர்க்குச் சோகை பிடிக்கும். படியேறினால் மூச்சு வாங்குவதை முதுமை என்று தள்ளிவிடுவாரும் உளர். ஆண் வைத்தியரிடம் காட்டத் தயங்கும் பெண்கள் பெண் வைத்தியர் இருக்கும் நாளைக் கேட்டறிந்து செல்லலாம். துணைக்கு மகளையோ தங்கையையோ அழைத்துச் செல்வதில் இழிவொன்றுமில்லை.

மூலந்தான் என்று உறுதியாயின் துத்தி முதலாகச் சொன்னவற்றுக்கு அப்போது இடமுண்டு. அவற்றினும் முன்னிற்பது உணவு. நார்ப்பொருள் பற்றி 7 ஆய்வுகளில் 378 நோயாளரிடம் கண்ட முடிவுகளைத் தொகுத்து 2005இல் வெளியிட்டபோது, அது இரத்தப்போக்கின் வாய்ப்பைப் பாதியாகக் குறைப்பது தெரியவந்தது. அந்நார் நம் முற்றத்திலேயே இருக்கிறது. பனங்கிழங்கு, குரக்கன், முருங்கையிலை, தவிடு நீக்காத அரிசி ஆகியன நம் பாட்டிமார் உண்டவை. மீனும் நண்டும் கீரையும் பயற்றங்காயும் இட்டுக் காய்ச்சும் ஒடியற்கூழ் மன்னாருக்கு அயலானதன்று. உறைப்பை மட்டும் சிறிது குறைத்துக்கொள்க. படகிலே செல்வோர் நன்னீர்க் கலம் ஒன்று கூடுதலாக எடுத்துச் செல்வாராக. மலங்கழிக்கும் இடத்தில் பத்திரிகை படித்துக்கொண்டு நெடுநேரம் அமர்தலும் ஆகாது. இந்தப் பக்கத்தையும் சேர்த்தே சொல்கிறோம்.