முற்றம் தேடி வரும் சில்லைகள்

ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கினால் குற்றாலத்தில் ஜனக்கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்! அதே நாட்களில் தென்காசிப் பக்கத்து வரப்புகளிலும் தோட்டங்களிலும் இன்னொரு கூட்டம் கூடுகிறது. சிட்டுக்குருவியிலும் சிறிய உருவம், பருத்த அலகு, வயிற்றில் மீன் செதிலைப் போன்ற கோலம். பறவை நூலார் இதைப் புள்ளிச் சில்லை என்பர். முதுகில் வெள்ளைத் திட்டுள்ள வகையும் உண்டு. புல்விதையும் தானியமுமே இவற்றின் பிரதான ஆகாரம்.

கார், பிசானம் என்று இரு போகம் விளைந்த நெல்லைச் சீமையில், அறுவடையானதும் ஒரு பிடிக் கதிரைக் கட்டித் தாழ்வாரத்தில் தொங்கவிடுவது பெரியோர் வழக்கம். குருவிகள் தொற்றிக்கொண்டு கொறிக்கும். இன்றோ இயந்திரம் வயலிலேயே மணியை உதிர்த்துவிடுகிறது. கட்டித் தொங்கவிடக் கதிரும் இல்லை, களத்தில் சிந்தும் மணியும் இல்லை. முற்றமும் சிமெண்டுத் தளமாகிவிட்டது.

சில்லையைப் பார்க்க ஆசைப்பட்டுக் கூண்டில் வாங்குவோர் உண்டு. சாயம் பூசி விற்பவர்களும் உண்டு. இது கொடுமை மட்டுமல்ல. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமும் ஆகும்.

கூண்டு இல்லாமலே அவை வரும். தினை, சாமை, உமி நீக்காத நெல், இவற்றில் ஒரு கைப்பிடி போதும். மருந்து கலந்த விதைநெல் கூடவே கூடாது. சாரல் காலத்தில் நனைந்த தானியம் பூசணம் பிடிக்குமாதலால், கூரைக்கடியில் வைத்து, மிச்சத்தை அன்றன்றே அகற்ற வேண்டும். ஆழமில்லாத மண்சட்டியில் தண்ணீர் வைத்து, தினந்தோறும் மாற்றுவது நலம். பூனை பதுங்கும் இடத்தருகே வைத்தால் விருந்து பூனைக்குத்தான்.

தானியம் மட்டும் போதாது. சிட்டுக்குருவி தன் குஞ்சுக்குப் புழு பூச்சிகளையே ஊட்டுகிறது. பூச்சிமருந்து தெளித்த தோட்டத்தில் அதற்கு எங்கே போகும்? சில்லைக்கோ, பந்து போலக் கூடு பின்ன நீண்ட புல்லும், கூட்டை வைக்க எலுமிச்சை போன்ற முள்மரமும் தேவை. கொல்லையின் ஒரு மூலையையாவது செதுக்காமல், புல் விதை கட்டும்வரை விட்டுவைக்கலாம். "புதர் மண்டிக் கிடக்கிறதே" என்று அடுத்த வீட்டார் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இயந்திரம் எட்டாத வயல் மூலைகளை இன்றும் கையால் அறுக்கிறார்கள். அந்தக் கதிரில் சில பிடிகளைக் கட்டித் தென்காசிச் சந்தைக்கு அனுப்பினால், வீட்டுக்காரர்கள் மட்டுமல்ல, பள்ளிக்கூடங்களும் வாங்கிக் கட்டும்.